சம்பளத்துக்கு வரலாறு, நண்பர்களுக்குக் கடிதம்: மிர்சா காலிபின் இரு எழுத்துகள்

புது தில்லி: 1850-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபரின் அவையில் கவிஞர் மிர்சா அசதுல்லா கான் காலிபுக்குச் சிறப்பு அங்கி அணிவிக்கப்பட்டது. நஜ்முத் தௌலா, தபீருல் முல்க், நிஜாம் ஜங் ஆகிய பட்டங்களும் வழங்கப்பட்டன. பட்டங்களோடு ஒரு பணியும் ஒப்படைக்கப்பட்டது. தைமூர் வம்சத்தின் வரலாற்றை அவர் பாரசீக மொழியில் எழுதித் தர வேண்டும். அதற்கு ஊதியம் ஆண்டுக்கு 600 ரூபாய், அதாவது மாதத்துக்கு 50 ரூபாய்.

அப்போது காலிபுக்கு வயது 52. உருதுவிலும் பாரசீகத்திலும் அவருடைய கவிதைத் தொகுப்புகள் ஏற்கெனவே அச்சேறியிருந்தன. ஆயினும் செங்கோட்டையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நிலையான ஊதியம் அதுதான். வேலையைத் தந்த பேரரசரும் கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த உதவித்தொகையில் காலம் தள்ளியவரே. அவருடைய ஆட்சி கோட்டைச் சுவர்களுக்குள் சுருங்கிவிட்டிருந்தது. இல்லாத பேரரசின் பெருமையை எழுதுவதற்கு, கடைசிவரை சொந்த வீடு வாங்காமல் கடனோடு வாழ்ந்த ஒரு கவிஞர் அமர்த்தப்பட்டார்.

காலிப் வரலாற்றாசிரியர் அல்லர். நூலுக்கான தகவல்களை அரண்மனை மருத்துவர் ஹக்கீம் அஹ்சனுல்லா கான் பழைய நூல்களிலிருந்து திரட்டி, உருதுவில் எழுதி அனுப்பினார். அதை அணிநயம் மிக்க பாரசீக உரைநடையாக மாற்றித் தருவதே காலிபின் வேலை. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை. பொருள் வேறொருவருடையது, மொழி மட்டும் அவருடையது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எவருக்கும் இந்த ஏற்பாடு நன்கு விளங்கும்.

ஊதியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. தம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வட்டிக்கடைக்காரர் கூட்டாளியாகிவிட்டார் என்று குறிப்பிட்டு, மாதந்தோறும் பணம் தருமாறு பேரரசருக்கு உருதுவில் ஒரு கவிதையே எழுதினார் காலிப். அவர் பணிக்கப்பட்டு எழுதிய வரலாற்றைவிட, அந்தப் பணிக்குச் சம்பளம் கேட்டு எழுதிய கவிதையே இன்று அதிகம் படிக்கப்படுகிறது.

படைவீரர் குடும்பத்துப் பிள்ளை

1797-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி ஆக்ராவில் பிறந்தவர் காலிப். பாட்டனார் மத்திய ஆசியாவிலிருந்து வேலை தேடி இந்தியாவுக்கு வந்த துருக்கிய வீரர். தந்தை அப்துல்லா பேக் கான் ஆல்வார் அரசருக்காகப் போரிட்டு உயிர் துறந்தபோது பிள்ளைக்கு வயது ஐந்து அல்லது ஆறு. வளர்த்த சிற்றப்பா நஸ்ருல்லா பேக் கானும் 1806-இல் யானையிலிருந்து விழுந்து இறந்தார்.

சிற்றப்பா ஆங்கிலேயரிடம் படைத்தலைவராகப் பணியாற்றியவர். எனவே அவரைச் சார்ந்திருந்தோருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. பிறகு வெளிவந்த இன்னொரு ஆவணம் அதை 5,000 ரூபாயாகக் குறைத்தது. அதில் காலிபின் பங்கு ஆண்டுக்கு 750 ரூபாய், மாதக் கணக்கில் 62 ரூபாய் 8 அணா. இரண்டாவது ஆவணம் போலியானது என்று அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார். முழுத் தொகையும் கிடைத்திருந்தால் எவருடைய வாயிலிலும் நிற்காமல் தமக்கு வேண்டியதை மட்டும் எழுதியிருக்கலாம் என்ற ஏக்கம் அவர் வாழ்க்கை நெடுகிலும் தென்படுகிறது.

13 வயதில் திருமணமாகி, அடுத்த சில ஆண்டுகளில் தில்லியில் குடியேறினார். அந்த இளமைப் பருவத்தில்தான் எவருக்காகவும் அல்லாமல் எழுதும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அப்போது எழுதிய உருதுக் கவிதைகள் பாரசீகச் சொற்சேர்க்கைகளும் எட்டாத உவமைகளும் நிறைந்தவை. முஷாயிரா எனப்படும் கவியரங்குகளில் அவை விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே கேலி செய்யப்பட்டன. பாராட்டோ பரிசிலோ தமக்கு வேண்டாம் என்று கவிதையிலேயே பதில் சொன்னார். ஆனால் அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி போன்ற நண்பர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்தார். 1841-இல் உருதுத் தொகுப்பு முதன்முதலாக அச்சாகும்முன் நூற்றுக்கணக்கான ஈரடிகளை நீக்கினார்.

நீக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி 1821-ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதி ஒன்றில் உயிர்தப்பியது. போபாலில் கிடைத்த அந்தப் பிரதி சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1921-இல் அச்சேறியது. தமக்காக மட்டுமே எழுதிய காலிப் எப்படி எழுதினார் என்பதை உருது வாசகர்கள் அப்போதுதான் முழுமையாகக் கண்டனர். அவற்றுள் அரிய கவிதைகளும் உண்டு, வெறும் சொல் விளையாட்டுகளும் உண்டு. நண்பர்களின் அறிவுரை அவரைக் கெடுத்தது என்று சொல்வது கடினம்.

ஓய்வூதிய வழக்கு அவரைக் கல்கத்தா வரை அழைத்துச் சென்றது. வழியில் லக்னோவில் அவத் அரசின் அமைச்சரைச் சந்திக்க ஏற்பாடு நடந்தது. தாம் வரும்போது அமைச்சர் எழுந்து வரவேற்க வேண்டும், காணிக்கை செலுத்துவதிலிருந்து தமக்கு விலக்கு வேண்டும் என்று காலிப் நிபந்தனை விதித்தார். சந்திப்பு நடக்கவில்லை. 1828 பிப்ரவரியில் கல்கத்தா சேர்ந்து, ஒன்றரை ஆண்டு தங்கி, வெறுங்கையோடு திரும்பினார். 1840-ஐ ஒட்டி தில்லிக் கல்லூரியில் பாரசீகப் பேராசிரியர் பதவி தேடி வந்தபோதும் இதே நிலைதான். ஆங்கிலேய அதிகாரி வாயில்வரை வந்து வரவேற்காததால் பல்லக்கிலிருந்து இறங்காமலே வீடு திரும்பினார் என்று அவர் காலத்தை அறிந்தோர் எழுதியுள்ளனர். 1847-இல் வீட்டில் சூதாட்டம் நடத்தியதாகச் சிறைத்தண்டனை பெற்று மூன்று மாதம் உள்ளே இருந்தார். வேலை கேட்டுச் செல்பவர் போல நடந்துகொள்ள அவருக்குத் தெரியவில்லை. வேலை தேவைப்படாதவராக வாழவும் வழியில்லை.

பெயர் மாறிய புகழ்ப்பாக்கள்

அக்காலத்தில் கவிஞர் பொருளீட்டும் வழி கசீதா. அரசரையோ அதிகாரியையோ புகழ்ந்து பாடும் நீண்ட கவிதை வடிவம் அது. தொடக்கத்தில் இயற்கையையோ காதலையோ காலத்தின் கொடுமையையோ பற்றிய பகுதி வரும், பிறகு தலைவனின் புகழ், இறுதியில் வேண்டுகோள். காலிப் முகலாய அரசர்களுக்கும் அவத் அரசர்களுக்கும் ஆங்கிலேய ஆளுநர்களுக்கும் பாரசீகத்தில் கசீதாக்கள் எழுதினார். தொடக்கப் பகுதியில் தம் திறமை முழுவதையும் காட்டினார். புகழ்ப் பகுதியில் அவ்வளவு அக்கறை இல்லை.

ஒருவருக்கென எழுதிய கசீதாவின் பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்பவும் அவர் தயங்கியதில்லை. அவத் அரசர் அம்ஜத் அலி ஷாவுக்காக எழுதியதை, அவருக்குப் பின் வந்த வாஜித் அலி ஷாவின் பெயரிட்டு அனுப்பினார். இறைவனே ஒருவர் இடத்தில் மற்றவரை அமர்த்திவிட்டபோது தாம் செய்ததில் என்ன தவறு என்று நண்பர் ஒருவருக்கு வேடிக்கையாக எழுதினார். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புகழ்ச்சி யாருக்கும் பொருந்தும் என்பதையும் கவிதை தம்முடையது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஈடுபாடு கவிதையின்மேல் இருந்தது, முகவரி பிறகு வந்தது.

அவையில் அவருக்குப் போட்டி ஷேக் இப்ராஹிம் ஸௌக். பேரரசரின் கவிதைகளைத் திருத்தித் தரும் ஆசான் பதவி அவரிடம் இருந்தது. 1852-இல் இளவரசர் ஜவான் பக்த் திருமணத்துக்கு மணமகனின் மலர்முகத்திரையைப் பாடும் வாழ்த்துப்பா எழுதுமாறு காலிபிடம் கேட்கப்பட்டது. எழுதிக் கொடுத்தார். அதன் இறுதி ஈரடியில் இருந்த சவால் தம் ஆசானைக் குறிப்பதாகப் பேரரசர் கருதி, பதில் பா எழுதுமாறு ஸௌக்கைப் பணித்தார். ஸௌக்கின் பாடலை அன்று மாலையே தில்லித் தெருக்களில் பாடகர்கள் பாடினர் என்று அவருடைய மாணவர் முகம்மது ஹுசைன் ஆசாத் எழுதியுள்ளார். மாணவர் சொல்வதாயிற்றே என்று சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். காலிப் மன்னிப்புக் கோரி ஒரு கவிதை எழுத நேர்ந்தது என்பதில் ஐயமில்லை. நூறு தலைமுறையாகத் தம் குலத்தொழில் போர், கவிதையால் தமக்குப் பெருமை இல்லை என்று அதில் கூறியிருந்தார். மன்னிப்பிலும் தலை குனியவில்லை.

1854-இல் ஸௌக் மறைந்தபின் அரச ஆசான் பதவி காலிபுக்கு வந்தது. அப்பணி எப்படி நடந்தது என்பதற்கு அவருடைய மாணவரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான அல்தாப் ஹுசைன் ஹாலி ஒரு காட்சியைப் பதிவு செய்துள்ளார். கோட்டையில் காலிப் அமர்ந்திருந்தபோது அரண்மனை ஏவலர் வந்து பேரரசருக்கான கஜல்களைக் கேட்டார். காலிப் துணிப்பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஓரிரு அடிகளே இருந்தன. அங்கேயே அமர்ந்து எட்டோ ஒன்பதோ கஜல்களை முடித்துக் கொடுத்துவிட்டார். சில கஜல்களை ஒருவர் படித்து முடிக்க ஆகும் நேரத்தைவிட அதிகம் ஆகவில்லையாம்.

தமக்காகக் கவிதை இயற்றிய விதம் வேறு. அதையும் ஹாலியே சொல்கிறார். இரவில் படுத்தபடி சிந்திப்பார். ஓர் ஈரடி அமைந்ததும் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சு. விடிந்ததும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நினைவிலிருந்து எழுதிக்கொள்வார். அந்தக் கவிதைகளுக்கு எந்த ஏவலரும் வந்து நிற்கவில்லை.

பாதியில் நின்ற வரலாறு

தைமூர் வம்ச வரலாறு இரண்டு பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. தைமூரிலிருந்து ஹுமாயூன் வரையிலான முதல் பாகம், நண்பகல் சூரியன் எனப் பொருள்படும் 'மிஹ்ரே நீம்ரோஸ்' என்ற தலைப்பில் 1854-ஐ ஒட்டி அச்சாயிற்று. அக்பர் முதல் ஜாபர் வரை சொல்ல வேண்டிய இரண்டாம் பாகத்துக்கு 'மாஹே நீம்மாஹ்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பெயரோடு அது நின்றது.

ஆனால் அந்தப் பணியின் பக்கவிளைவாக ஒன்று நிகழ்ந்தது. அதுவரை காலிப் பெரும்பாலும் பாரசீகத்திலேயே கடிதம் எழுதிவந்தார். கற்றோர் வழக்கம் அது. பாரசீகக் கடிதம் என்பது விளிச்சொற்களும் அடைமொழிகளும் எதுகைகளும் அடுக்கிக் கட்டப்படும் ஒரு கலைப்பொருள். பகலெல்லாம் அரண்மனைக்காகப் பாரசீகத்தைச் செதுக்கிய பிறகு, நண்பர்களுக்கும் அதே பாரசீகத்தில் செதுக்க அவரிடம் வலு இல்லை. 1850-க்கு முன்பே உருதுவில் சில கடிதங்கள் எழுதியிருந்தாலும், இதற்குப் பின்னரே உருது அவருடைய வழக்கமான கடித மொழியாயிற்று என்கிறார் ஹாலி. கூலிக்குச் செய்த வேலை களைப்பைத் தந்தது. அந்தக் களைப்பிலிருந்து உருது மொழிக்கு ஒரு புதிய உரைநடை கிடைத்தது.

அந்தக் கடிதங்களில் நீண்ட விளிகள் இல்லை. எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பதுபோலச் சட்டென்று பேச்சு தொடங்கும். சில இடங்களில் கேள்வியும் பதிலுமாக நாடகம்போல ஓடும். மழையில் ஒழுகும் கூரை, வராத பணம், அனுப்பப்பட்ட மாம்பழம், மாணவர் ஒருவரின் கவிதையில் பிசகிய சொல் என எல்லாம் அவற்றில் உண்டு. சிக்கந்தராபாதைச் சேர்ந்த ஹர்கோபால் தஃப்தா என்ற மாணவருக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார்.

இதற்கிடையே, பொருள் தந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். ஆண்டுக்கு 500 ரூபாய் அளித்த வாஜித் அலி ஷாவின் நாட்டை 1856 பிப்ரவரியில் கம்பெனி கைப்பற்றியது. 400 ரூபாய் அளித்த பட்டத்து இளவரசர் மிர்சா ஃபக்ரூ அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். தாம் பாடியவர்கள் தழைப்பதில்லை என்று காலிபே கசப்புடன் நகைத்துக்கொண்டார். விக்டோரியா அரசிக்கு ஒரு கசீதா அனுப்பி, பட்டமும் அங்கியும் உதவித்தொகையும் கேட்டிருந்தார். அதற்கான பதிலை எதிர்பார்த்திருந்த நிலையில் 1857 மே 11-ஆம் தேதி மீரட் சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தனர்.

இருவேறு தில்லிகள்

கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஜாபர் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். கோட்டைச் சம்பளத்தோடு ஆங்கிலேயர் தந்த 62 ரூபாய் 8 அணாவும் நின்றுபோயிற்று. நோயுற்றிருந்த தம்பி மிர்சா யூசுப் அந்த அக்டோபரில் இறந்தபோது, அடக்கம் செய்ய ஆள்களும் துணியும் தேட வேண்டியிருந்தது. கிளர்ச்சியின்போது ஜாபருக்காக நாணய வாசகம் எழுதியவர் என்ற குற்றச்சாட்டும் காலிப்மீது விழுந்தது. அதை அவர் மறுத்தார்.

தாம் குற்றமற்றவர் என்று நிறுவ அவரிடம் இருந்தது எழுத்து மட்டுமே. அந்த 15 மாத நிகழ்வுகளை 'தஸ்தம்பூ' என்ற பாரசீக நூலாக்கினார். அரபுச் சொல் கலவாத தூய பாரசீகத்தில் எழுதுவது என்று தமக்குத்தாமே ஒரு கட்டுப்பாடும் விதித்துக்கொண்டார். உயிரும் ஓய்வூதியமும் ஊசலாடிய நேரத்தில் இப்படியொரு மொழிப் பிடிவாதம். ஆங்கிலேயரைப் போற்றியும் கிளர்ச்சியாளர்களைப் பழித்தும் எழுதப்பட்ட அந்நூல் 1858 நவம்பரில் ஆக்ராவில் அச்சானது. அரசிக்கும் உயர் அதிகாரிகளுக்கும் அனுப்புவதற்கெனச் சில படிகளைத் தனியே அழகிய கட்டமைப்பில் தயாரிக்கச் செய்தார்.

அதே ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களில் தெரியும் தில்லி வேறு. கடைவீதிகள் இடிக்கப்பட்டதையும், ஜாமா மசூதிக்கும் ராஜ்காட் வாயிலுக்கும் இடையே பாலைவெளி விரிந்ததையும், கிணறுகள் உப்புக் கரித்ததையும், நகருக்குள் வர அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டதையும் அவற்றில் காணலாம். தூக்கிலிடப்பட்ட நண்பர்களின் பெயர்களையும் காணாமல்போனவர்களின் பெயர்களையும் எண்ணி எண்ணி எழுதினார். அஞ்சல்கள் பிரித்துப் பார்க்கப்படலாம் என்ற அச்சத்தில் பலவற்றை அவர் அடக்கியே சொன்னார். அப்படியும் 1857-க்குப் பிந்தைய தில்லியை அறிய விரும்புவோர் தஸ்தம்பூவைவிட அந்தக் கடிதங்களையே அதிகம் நம்புகின்றனர். நூல் ஆட்சியாளருக்கு எழுதப்பட்டது, கடிதம் ஊரை இழந்த இன்னொருவருக்கு.

1858-இன் இறுதியில், தஸ்தம்பூவை அச்சிட்ட சிவ் நாராயணும் தஃப்தாவும் அந்தக் கடிதங்களைத் திரட்டி வெளியிட விரும்பினர். காலிப் உறுதியாக மறுத்துவிட்டார். அவற்றில் கவனத்தோடு எழுதியவை மிகச் சிலவே என்றும், மற்றவை மனம்போன போக்கில் எழுதியவை என்றும், வெளியிட்டால் தம் புலமைக்கு இழுக்கு என்றும் கருதினார். தம் பெயர் பாரசீகக் கவிதையால் நிற்கும் என்பதே அவருடைய நம்பிக்கை. 10,000-க்கும் மேற்பட்ட ஈரடிகள் கொண்ட பாரசீகத் தொகுப்போடு ஒப்பிட்டால் உருதுத் தொகுப்பு சிறியது. அதைத் தாமே குறைத்துப் பேசியும் இருக்கிறார். தமக்கென எழுதியது எது, பிறருக்கென எழுதியது எது என்பதில் கவிஞரின் கணக்கும் காலத்தின் கணக்கும் பொருந்தவில்லை.

ராம்பூரின் 100 ரூபாய்

கடைசிப் பத்தாண்டுகளில் அவரைத் தாங்கியவர்கள் ராம்பூர் நவாப்கள். நவாப் யூசுப் அலி கான் அஞ்சல்வழியே தம் கவிதைகளை அனுப்பித் திருத்தம் பெற்றார். 1859 ஜூலை முதல் மாதம் 100 ரூபாய் அனுப்பினார். ராம்பூருக்கே வந்து தங்கினால் 200 ரூபாய் தருவதாகவும் தெரிவித்தார். காலிப் சென்று சில மாதங்கள் இருந்துவிட்டு தில்லிக்கே திரும்பி, 100 ரூபாயோடு நிறைவடைந்தார். 1860 மே மாதத்தில் ஆங்கிலேய ஓய்வூதியமும் மீண்டது. மூன்றாண்டு நிலுவையாக வந்த 2,250 ரூபாயில் பெரும்பகுதி கடன்காரர்களிடம் சென்றது.

1865-இல் பட்டத்துக்கு வந்த நவாப் கல்பே அலி கான் தந்தையைப் போல மாணவராக இருக்க விரும்பியவர் அல்லர். பாரசீகச் சொல் வழக்கு ஒன்று பற்றி இருவருக்கும் கருத்து மாறுபட்டது. இந்திய அகராதிக்காரர்களை ஏற்பதில்லை என்பது காலிபின் வாழ்நாள் கொள்கை. அதற்காகக் கல்கத்தாவில் பகையைத் தேடிக்கொண்டவர், முதுமையில் ஒரு நூலே எழுதி வசைமாரிக்கு ஆளானவர். நவாபின் சினத்தைக் கண்டதும் பணிந்து கடிதம் எழுதினார். 100 ரூபாய் தொடர்ந்து வந்தது.

அப்போது அவருக்குக் காது கேட்கவில்லை, கைகள் நடுங்கின. இனித் திருத்துவதற்குக் கவிதைகளை அனுப்ப வேண்டாம் என்று அறிவித்த பின்னும் அஞ்சல் உறைகள் வந்துகொண்டே இருந்தன. கடிதத் தொகுப்பு குறித்த மறுப்பு மட்டும் மெல்லத் தளர்ந்தது. நண்பர்களிடமிருந்த கடிதங்களின் படிகளைத் தாமே கேட்டுப் பெற்று உதவினார். 'ஊதே ஹிந்தி' என்ற முதல் தொகுப்பு 1868 அக்டோபரில் மீரட்டில் வெளியானது. அச்சுப் பிழைகளைக் கண்டு அவர் மகிழவில்லை.

தில்லியில் இன்னொரு தொகுப்பு அச்சில் இருந்தது. கடன்களை அடைத்துத் தருமாறு ராம்பூருக்கு அவர் விடுத்த வேண்டுகோள்கள் நிறைவேறாத நிலையில், 1869 பிப்ரவரி 15-ஆம் தேதி காலிப் தில்லியில் காலமானார். நிஜாமுத்தீனில் அடக்கம் செய்யப்பட்டார். 'உர்தூ-ஏ-முஅல்லா' என்ற அந்தக் கடிதத் தொகுப்பு மூன்று வாரங்களுக்குள், மார்ச் மாதத் தொடக்கத்தில் அச்சகத்திலிருந்து வெளிவந்தது.